ஆட்சேபணைக்கு நான்கு வாரம்

இணையத்தில் இருக்கும் ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் வேண்டும். அந்த எண்ணை யார் கொடுக்கிறார்கள், எந்த விதிப்படி கொடுக்கிறார்கள், அந்த விதியை யார் எழுதுகிறார்கள் என்று என்னிடம் அக்கறையோடு கேட்டவர் இதுவரை ஒரே ஒருவர்தான். தி.நகரில் ஒரு பாத்திரக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில், இணைய இணைப்பு விற்றுக்கொண்டிருந்த என் முதலாளி. அவருக்கு நான் சரியான பதிலைத்தான் சொன்னேன். அவர் நம்பவில்லை. நம்பவைக்க நான் பெரிதாக மெனக்கெடவும் இல்லை. இந்த விஷயத்தில் என் பங்கு அவ்வளவுதான். சின்னப் பங்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. இணைய இணைப்பைத் தனியாரும் கொடுக்கலாம் என்று அரசாங்கம் அனுமதித்த புதிது. ஆளாளுக்கு அந்தத் தொழிலில் குதித்தார்கள். என் முதலாளி முன்பு ஆள் வைத்துத் தட்டச்சுப் பள்ளி நடத்தியவர். பிறகு அதே மேசைகளில் கணினி வகுப்பு நடத்தினார். இப்போது அதே மேசைகளில் மோடம்களை அடுக்கியிருந்தோம். கீழே கடையில் குடத்தைத் தட்டிப் பார்க்கும் சத்தம், மேலே மோடம் கீச்சிடும் சத்தம். மயிலாப்பூரிலிருந்து பஸ் பிடித்து வரும் நான் இருபத்தாறு வயதில் அங்கே தலைமைப் பொறியாளர். எனக்குக் கீழே இரண்டு பேர். இருவருக்கும் என்னைவிட நன்றாக ஏணி ஏறத் தெரியும்.

எங்களுக்கென்று சொந்த லைசன்ஸ் கிடையாது. நந்தனத்தில் அண்ணா சாலையைப் பார்த்தபடி இருந்த ஒரு பெரிய நிறுவனத்துக்குக் கீழே, அவர்களுடைய முகவராகத்தான் இயங்கினோம். எங்கள் வாடிக்கையாளர்களின் கணினிகளில் இருந்த எண்களும் அவர்களுடையவை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு எண்களை எங்களுக்கு இரவலாகத் தந்திருந்தார்கள். வாடகை வீட்டு விலாசம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். குடியிருக்கும்வரைதான் அது உங்கள் விலாசம். காலி செய்யும்போது அதைப் பெட்டியில் மடித்து வைத்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

முதலாளி டில்லிக்கு லைசன்ஸ் கேட்டு விண்ணப்பித்திருந்தார். அது வந்ததும் எங்களுக்கென்று சொந்த எண்கள் வாங்குவது, ஆறு மாதம் எடுத்துக்கொண்டு வாடிக்கையாளர்களை ஒவ்வொருவராகப் புது எண்களுக்கு மாற்றுவது, அதன் பிறகு பெரிய நிறுவனத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு வெளியே வருவது. இதுதான் திட்டம். இதில் ஒரு படி பிசகினாலும் அவர் கையில் மிஞ்சப்போவது பழைய தட்டச்சு மேசைகள் மட்டும்தான். இது எங்கள் இருவருக்குமே தெரியும்.

சொந்த எண்கள் வாங்க வேண்டிய இடம் கடல் தாண்டி இருந்தது. உலகத்தைச் சில பெரிய வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பதிவகம் வைத்திருந்தார்கள். பதிவகம் எண்களைப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் எப்படிப் பகிர்வது என்ற விதியைப் பதிவகத்தின் அதிகாரிகள் எழுதுவதில்லை. அதற்கென்று ஒரு மின்னஞ்சல் குழு இருந்தது. யார் வேண்டுமானாலும் சேரலாம். யார் வேண்டுமானாலும் ஒரு விதியை முன்மொழியலாம், மற்றவர்கள் அதைப் பிய்த்துப் போடலாம். பிறகு எங்காவது ஓர் ஊரில் கூட்டம் கூட்டிப் பேசி, கைதூக்கச் சொல்லிப் பார்ப்பார்கள். அங்கே தேறியது மறுபடி குழுவுக்கே வரும். கடைசியாக நான்கு வாரம் காத்திருப்பார்கள். கனமான ஆட்சேபணை எதுவும் வராவிட்டால் அதுதான் விதி. வாக்குப் பெட்டி கிடையாது. ஒரு நாட்டுக்கே தொலைபேசி விடுகிறவருக்கும் ஒரு குரல், பாத்திரக்கடை மாடியில் இருக்கும் எனக்கும் ஒரு குரல்.

எனக்கு இது ஏதோ வேடிக்கையாக இருந்தது. சும்மா சேர்ந்துவைத்தேன். தினமும் காலை பத்து மணிக்குக் காபியை வைத்துக்கொண்டு, முகம் தெரியாதவர்கள் மரியாதை குறையாமல் அடித்துக்கொள்வதைப் படிப்பேன். ஒரு வரிகூட எழுதியதில்லை. அடுத்த வீட்டுச் சண்டையை ஜன்னலோரம் நின்று கேட்கிற சுகம் அது.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில் அந்த முன்மொழிவு வந்தது. சிறிய நிறுவனங்களுக்கு இனி பதிவகத்திடமிருந்து நேரடியாக எண்கள் கிடையாது. முதலில் ஒரு பெரிய நிறுவனத்திடம் எண்கள் வாங்கிப் பயன்படுத்த வேண்டும். இன்ன அளவு நிரம்பிவிட்டது என்று கணக்குக் காட்டினால்தான் சொந்த எண்கள். அந்த அளவு எங்கள் ஐந்நூற்றுப் பன்னிரண்டைப்போல நான்கு மடங்கு. இரவல் எண்களை எத்தனை வருடம் ஓட்டினாலும் நாங்கள் அந்த இடத்துக்கு வந்து சேரமாட்டோம்.

காரணமும் சொல்லியிருந்தார்கள். இணையத்தின் வழிகாட்டிக் கருவிகள் உலகத்தில் உள்ள ஒவ்வொரு தொகுதி எண்ணும் எந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். சில்லறைத் தொகுதிகள் பெருகிக்கொண்டே போனால் அந்த நினைவு நிரம்பி வழியும், எல்லோருக்கும் கோளாறு. நியாயமான காரணம்தான். அதுதான் தொந்தரவு. அயோக்கியத்தனமாக இருந்தால் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இதில் யாருக்கும் எங்கள்மேல் விரோதம் இல்லை. எங்களைத் தெரியவே தெரியாது.

வெளியூர்க் கூட்டத்தில் அது தேறிவிட்டது. கடைசி நான்கு வாரம் தொடங்கிய அன்று, குழுவை நடத்தியவர் ஒரு குறிப்புச் சேர்த்திருந்தார். இதுவரை பெரிய நிறுவனங்கள்தான் பேசியிருக்கின்றன, சிறிதாக நடத்துகிறவர்களுக்கு இதனால் சிரமம் இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள், ஒரு வரி போதும் என்று. அதைப் படித்தபோது அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டதுபோல இருந்தது. காபி ஆறிப்போனது.

அன்றைக்கே ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். நாங்கள் யார், எத்தனை எண்கள், ஏன் பெரிய நிறுவனத்தின் எண்களோடு கட்டிப்போட்டால் எங்களால் எழவே முடியாது, ஏற்கெனவே லைசன்ஸுக்கு விண்ணப்பித்தவர்களுக்காவது ஒரு வருட அவகாசம் தரக்கூடாதா என்று. ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். எங்கள் அலுவலகத்திலிருந்து எந்தக் கடிதம் போனாலும் முதலாளியின் கையெழுத்து வேண்டும், தண்ணீர் கேனுக்குச் சொல்வதாக இருந்தாலும் சரி. அதனால் அச்செடுத்து அவரிடம் கொண்டுபோனேன்.

அவர் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார். மாநகராட்சி ஆட்கள் மழை விட்ட நேரம் பார்த்து வந்து, கட்டடத்துச் சுவரில் பழைய கதவு எண்ணுக்குப் பக்கத்தில் புது எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். யாரையும் கேட்கவில்லை. அதைப் பற்றிச் சிரித்துவிட்டுத்தான் கடிதத்தைக் கையில் வாங்கினார். நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். எல்லாம் அவருக்கு உடனே விளங்கியது. விளங்காதது ஒன்றுதான்.

"இத யாரும்மா முடிவு பண்றது?"

யார் வேண்டுமானாலும் பேசலாம், யாரும் எதிர்க்காவிட்டால் முடிவாகிவிடும் என்று விளக்கினேன்.

"அதெல்லாம் சரி. ஆளு யாரு? யாரைப் புட்ச்சா வேல நடக்கும், அத்த சொல்லு."

அப்படி ஒருத்தரும் இல்லை என்றேன். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மயிலாப்பூரில் கோயில் மணிச் சத்தத்தில் வளர்ந்த பெண்ணுக்கு உலகம் தெரியவில்லை என்கிற இரக்கம்.

"ஆளு இல்லாத ரூலு எங்கனா கீதாம்மா?"

பிறகு அவர் சொன்னது எனக்கு அதுவரை தெரியாது. அவர் அடையாற்றின் கரையோரக் குடிசையில் பிறந்தவர். அவருக்குப் பத்து வயது இருக்கும்போது ரேஷன் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்களாம். இந்த இடம் தேவைப்படுகிறது, ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுத்தில் தரலாம் என்று. ஊரே படித்துவிட்டு மூச்சு விடவில்லை. அவருடைய அப்பா ஒருவர் மட்டும், மனு எழுதுகிறவரைப் பிடித்து எழுதச் சொல்லி, கைநாட்டு வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார். ஒரு மாதம் கழித்துக் காலி செய்யவேண்டியவர்களின் பட்டியல் அதே சுவரில் வந்தது. முதல் பெயர் அவர் அப்பாவுடையது. லாரியும் முதலில் அவர்கள் வீட்டு வாசலுக்குத்தான் வந்தது. ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்ட இடத்தில் பள்ளிக்கூடம் இல்லை. மற்றவர்களும் பின்னாலேயே வந்து சேர்ந்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் முதல் லாரி முதல் லாரிதான்.

"எழுதிக் குட்த்தா யாரு எழுதுனான்னு பாப்பான். நம்ம பேரு அதுல வர வோணாம்மா" என்று சொல்லிக் காகிதத்தை நான்காக மடித்து மேசைக்குள் போட்டார்.

அது வேறு, இது வேறு என்று நான் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை சொன்னேன், அவர் கையை அசைத்தார், விட்டுவிட்டேன். மனதுக்குள் எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அந்தக் குழுவில் எழுதுவது என்றைக்கும் அழியாமல் யாரும் படிக்கும்படி சேமித்து வைக்கப்படும். என் பெயரும் என் ஆங்கிலமும் உலகத்தின் முன்னால் நிற்கும். யாராவது ஒருவர் மரியாதையாக என்னை முட்டாள் என்று நிரூபித்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் கடிதத்தை எழுதும்போதே இருந்தது. முதலாளி வேண்டாம் என்றதும் அந்தப் பயத்துக்குக் கீழ்ப்படிதல் என்று நல்ல பெயர் கிடைத்துவிட்டது.

அவர் சும்மா இருக்கவில்லை. ஆளைத் தேடத் தொடங்கினார். அடையாறில் ஓர் ஓய்வுபெற்ற தொலைபேசித் துறை அதிகாரி இருந்தார், டில்லியில் எல்லோரையும் தெரியும் என்று பெயர். முதலாளி பழக்கூடையோடு இரண்டு முறை போய் அவரைப் பார்த்தார். ஒரு முறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பெரியவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சொல்லிவைக்கிறேன் என்றார். யாரிடம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. திரும்பி வரும்போது ஆட்டோவில் முதலாளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பயமாக இருந்தது. இல்லாத ஒரு கதவை அவர் தட்டிக்கொண்டிருந்தார், திறந்தே கிடந்த கதவின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

தினமும் பத்து மணிக்குக் குழுவைத் திறந்து பார்த்தேன். எதுவும் வரவில்லை. அதுவரை நாளுக்கு இருபது கடிதம் எழுதிச் சண்டை போட்டவர்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். என்னைப்போல இன்னும் எத்தனை மாடிகளில், எத்தனை ஊர்களில், எத்தனை பேர் கடிதத்தை மடித்து வைத்துக்கொண்டு வேறு யாராவது பேசட்டும் என்று உட்கார்ந்திருந்தார்களோ தெரியாது. மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் ஊரில் பெண் பார்க்க வந்த இடத்தில் சொல்வார்கள். கல்யாணக் கூடத்தில் எத்தனை பெண்கள் பயத்தில் பேசாமல் நின்றார்கள் என்பது அந்தப் பழமொழியைச் சொல்கிறவர்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

மூன்றாவது வாரம் நந்தனத்திலிருந்து பெரிய நிறுவனத்தின் மேலாளர் வந்தார். முன்பெல்லாம் நாங்கள்தான் அவரைப் போய்ப் பார்ப்போம். ஈரப் படிகளில் பார்த்துப் பார்த்து ஏறி வந்து, மேசை மேசையாகச் சுற்றினார். எந்த வாடிக்கையாளருக்கு எந்த எண் என்று நாங்கள் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலுக்கு முன்னால் நீண்ட நேரம் நின்றார். டீ சாப்பிட்டார். லைசன்ஸ் எப்போது வரும் என்று விசாரித்தார், வந்தால் சந்தோஷம் என்றார். போகும்போது அந்தப் பட்டியலை மறுபடி ஒரு தடவை பார்த்துவிட்டு, எல்லாம் நம்ம நம்பர்தானே என்று சிரித்தார். முதலாளியும் சிரித்தார். அன்று மாலையே அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து கிழித்தேன், ஏதோ அதனால் பிரயோசனம் இருப்பதுபோல.

வீட்டில் அம்மாவிடம் அரைகுறையாகச் சொன்னேன். அம்மா கபாலி கோயில் மாட வீதியில் கத்தரிக்காய்க்காரியோடு தினமும் சண்டை போட்டு ஜெயிக்கிறவள். இணையம் என்றால் என்னவென்று தெரியாது, ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது.

"உன்னைத்தானேடி அவன் கேட்டிருக்கான்? வாயுள்ள பிள்ளை பொழைக்கும். நீ என்னடான்னா ஆத்துல உக்காந்துண்டு என்கிட்டப் பேசிண்டிருக்கே."

கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. பதிவகத்தின் ஊரில் மாலை ஆறு மணிக்குள் எழுத வேண்டும், நம் கணக்கில் மதியம் ஒன்றரை. முதலாளி அடையாறுக்குப் போயிருந்தார். நான் கணினியில் கடிதத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். என் சொந்தப் பெயரில், நிறுவனத்தின் பெயரே இல்லாமல்கூட அனுப்பியிருக்கலாம். யாரும் தடுத்திருக்க முடியாது. இரண்டாவது பத்தியில் ஒரு வாக்கியத்தைத் திருத்தினேன், மறுபடி பழையபடியே மாற்றினேன். கீழே யாரோ அண்டா விலை பேசிக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டரை ஆனது, ஒன்றரை ஆனது. எழுந்துபோய்ச் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் குழுவில் ஒரு கடிதம் இருந்தது. ஆட்சேபணை எதுவும் வரவில்லை, ஆகவே ஒருமித்த கருத்தாக ஏற்கப்படுகிறது. நடத்தியவர் எல்லோருக்கும் நன்றி சொல்லியிருந்தார். அந்த எல்லோரில் நானும் சேர்த்தி.

அதிலிருந்து ஐந்து வாரம் கழித்து டில்லியிலிருந்து லைசன்ஸ் வந்தது. முதலாளி கீழே கடைக்கும் மேலே எங்களுக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தார். அடையாறு அதிகாரி சொல்லித்தான் வந்தது என்று நம்பினார். நான் பதிவகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். இரண்டே நாளில், மிகவும் கனிவாக, புது விதியைச் சுட்டிக்காட்டிப் பதில் வந்தது. நீங்கள் இப்போது இணைந்திருக்கும் பெரிய நிறுவனத்திடமே கூடுதல் எண்கள் கேட்டுப் பெறலாம் என்று யோசனையும் சொல்லியிருந்தார்கள். அவர்கள்மேல் குற்றமே இல்லை. இருக்கிற விதிப்படிதான் அவர்கள் பதில் எழுத முடியும்.

அந்த வாரக் கடைசிக்குள், எங்களுக்குச் சொந்த எண்கள் கிடைக்காது என்று தெரிந்துகொண்ட நந்தனத்திலிருந்து பதிவுத் தபால் வந்தது. எங்களுக்குச் சொந்த லைசன்ஸ் கிடைத்ததில் மகிழ்ச்சி, எனவே முகவர் ஒப்பந்தம் முடிகிறது, எண்களை முப்பது நாளில் திருப்பித் தரவும். முப்பது என்ற இடத்தில் முதலாளியின் விரல் நின்றது.

வேறொரு பெரிய நிறுவனத்திடம் அவசரமாக இரவல் எண்கள் வாங்கிக்கொண்டு வாடிக்கையாளர் வாடிக்கையாளராக ஓடினோம். மேற்கு மாம்பலத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகம், கிண்டி தொழிற்பேட்டையில் ஒரு வால்வு கம்பெனி, எல்லா இடத்திலும் ஒரே பதில் காத்திருந்தது. எங்களுக்கு முன்பே நந்தனத்து ஆட்கள் அங்கே போயிருந்தார்கள். எங்களோடு நேரடியாக வந்துவிடுங்கள், உங்கள் எண் அப்படியே இருக்கும், ஒரு கணினியில்கூடக் கை வைக்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். பழையபடி பாத்திரக்கடை மாடியோடு இருந்தால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும், ஒரு நாள் வேலை கெடும். ஆடிட்டர் நல்ல மனிதர், எனக்கு மோர் கொடுத்து உட்காரவைத்துத்தான் சொன்னார். யாராக இருந்தாலும் அவர் செய்ததைத்தான் செய்திருப்பார்கள். முப்பது நாள் முடிந்தபோது மேசைகளில் இருந்த மோடம்களில் பாதிக்கு மேல் விளக்கு அணைந்திருந்தது.

மாசி மாதம் இடத்தைக் காலி செய்தோம். ஏணி ஏறும் இருவரும் நந்தனத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். கீழ்க்கடையில் வாங்கிய அட்டைப் பெட்டிகளில் நானும் முதலாளியும் மோடம்களைப் போட்டுக் கட்டினோம். மேசை இழுப்பறையைக் காலி செய்யும்போது நான்காக மடித்த அந்தக் காகிதம் அவர் கையில் வந்தது. பிரித்தார். அந்த ஆங்கிலத்தை அவரால் படிக்க முடியாது. இருந்தாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"இத்த நீ எனக்குத் தெரியாம அனுப்ச்சியாம்மா?"

கோபமாகக் கேட்கவில்லை. ஆமாம் என்று நான் சொல்லவேண்டும் என்பதற்காகக் கேட்டார். அனுப்பியும் தோற்றோம் என்றால் அவரால் தாங்கியிருக்க முடியும்.

"இல்ல சார். நீங்க வேணாம்னு சொன்னீங்க."

அவர் தலையாட்டினார். காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார், அவசரமே இல்லாமல்.

"எங்கம்மாவும் அப்ப வோணாம்னுதான் சொல்லிச்சு" என்றார். "எங்க நைனா கேக்கல. போய்க் குட்த்துட்டு வந்தாரு."

அந்தக் குரலில் அப்பாமேல் இத்தனை வருடம் வைத்திருந்த கோபத்தைத் தேடினேன், இல்லை. பெட்டியின் மறு பக்கத்தைப் பிடிக்கச் சொன்னார். நீங்கள் சொன்னதற்காக மட்டும் நான் அனுப்பாமல் இருக்கவில்லை என்று அப்போதாவது அவரிடம் சொல்லியிருக்கலாம். படியில் இறங்கும்போது அவர் முன்னால் போனார், நான் பின்னால் பெட்டியைப் பிடித்துக்கொண்டு போனேன், சொல்லவில்லை.